துடுப்பு கொடுக்கும் கை

அத்தியாயம் 11

கோழிக்கூடைக்குள் கையை விட்டுக்கொண்டு, "தண்ணிப் பானைய எவ எடுத்து வச்சது?" என்று கேட்ட துளசிங்கத்தைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். கோழி கத்தியது. அவன் கையை உதறினான். அம்மணி சிரிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் அது. பானை அவன் முட்டிக்கு ஒரு முழம் தள்ளி, என்றைக்கும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

புருஷனுக்கு மாலைக்கண் என்று அம்மணிக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அவனுக்கு அது முன்பே தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது.

விடிந்தால் மாசி மகம்.

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை ஒட்டியது மேட்டுக்குப்பம். கூப்பிடு தூரத்தில் உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கட்டிய கோட்டை. மகத்தன்று பொழுது சாயும்போது கங்கையம்மன் கரகத்தைப் படகில் ஏற்றி, முகத்துவாரத்து மண்திட்டைத் தாண்டிக் கடலில் நீராட்டி, நிலா எழும்புகிற நேரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும். பத்துப் பேர் தண்டு வலிப்பார்கள். பின்னால் நின்று நீளத் துடுப்பால் வழி பிடிக்கிறவன் தண்டல். கூலி கிடையாது. கூலி கொடுத்தால் அடிக்க வருவான்.

அந்தத் துடுப்பு தண்டலின் வீட்டுப் பரணில் இருக்கும். அவன் அதை எடுத்துவரக் கூடாது. அவன் பெண்டாட்டிதான் கரைக்குத் தூக்கி வந்து அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் தூங்கினானா, குடித்தானா, காய்ச்சலை மறைத்தானா என்பது கூடப் படுக்கிறவளுக்குத் தெரியாமல் போகாது. அவள் துடுப்போடு வரவில்லையென்றால் அந்த வருஷம் அவன் படகேறக் கூடாது. ஏன் என்று யாரும் கேட்கவும் கூடாது.

கேட்கத்தான் மாட்டார்கள். பேசுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் தண்டலாக இருந்தவன் துளசிங்கத்தின் தம்பி மாசிலாமணி. அன்றைக்கு அவன் பெண்டாட்டி கஸ்தூரி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. துடுப்பு அண்ணன் வீட்டுக்கு மாறியது. மறுநாள் கிணற்றடியில் பத்துப் பெண்கள் நடுவில் அம்மணி சொன்னாள்: "புருஷன் மானத்த மணல்ல கொட்டிட்டு வந்து தண்ணி சேந்துறா பாரு, மகராசி."

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நடுவில் ஆறே குடிசை.

காலையில் துளசிங்கம் எண்ணெய் தேய்த்துக் குளித்தான். பெட்டியிலிருந்து மகத்துக்குக் கட்டுகிற சிவப்புக் கச்சையை எடுத்தான். நுனி எட்டவில்லை. வயிற்றை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டான். மூச்சு விட்டதும் முடிச்சு அவிழ்ந்தது.

"கச்ச சுருங்கிப்போச்சு," என்றான்.

"பொட்டியில கெடந்தா கச்ச சுருங்கும். கிட்டங்கியில கெடந்தா ஆளு உப்பும்," என்றாள் அம்மணி.

"இன்னாமே, காலையிலயே வாய் நீளுது?"

"நேத்து கோழிக்கூடையில இன்னா தேடின?"

அவன் கச்சையை மறுபடி சுற்றினான். "தூக்கக் கலக்கம். மூணு நாளா கிட்டங்கியில மூட்ட எறங்குது. கண்ணே மூடல."

"தூங்காதவன் துடுப்பு புடிக்கலாமா?"

அவன் அவளைப் பார்த்தான். "தூங்கினேன், தூங்கினேன். கோட்டையில கொஞ்சம் சாராயம் ஊத்தினானுங்க. அந்த மப்பு."

"குடிச்சவன் புடிக்கலாமா?"

எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. எந்தப் பொய்யும் துடுப்பைத் தடுக்கிற பொய்யாகவே இருந்தது. துளசிங்கம் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். வெயிலில் அவனுக்கு எல்லாம் தெரிந்தது. தூரத்தில் போகிறவன் காதுக் கடுக்கன்கூடத் தெரிந்தது. அதுதான் அவனை ஏமாற்றியது.

இரண்டு வருஷமாக அவன் கோட்டைச் சரக்குக் கிட்டங்கியில் கங்காணி. துணி மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிற வேலை. சேர்ந்த புதிதில், உலாந்தாக்காரனுக்கு மொழி பேசிக் கிட்டங்கியை நடத்துகிற துபாஷியின் ஆட்கள் அவன் பக்கத்திலிருந்த பாயைத் தள்ளிப் போட்டார்கள். மீன் வாடையாம். துளசிங்கம் சண்டை போடவில்லை. மீனை விட்டுவிட்டான். மீன், கருவாடு, இறால், நண்டு எல்லாம். இரண்டு வேளையும் மோர்ச்சோறு, புளித்தண்ணி. இருட்டினால் உலாந்தாக்காரன் கப்பலில் வந்த சாராயம். கடலுக்கு மகத்தன்று மட்டும் போனான்.

அம்மணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீன்சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தவள் அவள்தான். கங்காணி பெண்டாட்டி என்று கூப்பிட்டால் இனித்தது. நாக்கு கேட்டால் தன் தம்பி தருமன் வீட்டுக்குப் போய் நண்டு தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தருமன்தான் இன்றைக்குப் படகில் முன்தண்டு வலிக்கிறான். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

உச்சிப்பொழுதுக்கு அம்மணி ஆறு குடிசை தாண்டிப் போனாள்.

கஸ்தூரி கொல்லையில் சுறா ஈரலை உருக்கிக்கொண்டிருந்தாள். படகுக்குத் தடவுகிற எண்ணெய். நாற்றம் தெருவரை வந்தது. அம்மணியைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தினாள். பிறகு மறுபடி கிண்டினாள்.

"கங்காணி வூட்டம்மா வழி தவறிட்டாப்ல," என்றாள்.

"அன்னிக்கு நீ எப்படிக் கொண்டு வராம இருந்த?"

"கொண்டு வரல. அவ்ளோதான். எடுத்துனு வர்றதுக்குத்தான் கை வேணும். சும்மா இருக்கறதுக்கு இன்னா வேணும்?"

"மாசிலாமணி இன்னா பண்ணான்?"

"மூணு மாசம் எங்கிட்டப் பேசல." கஸ்தூரி அடுப்பில் விறகைத் தள்ளினாள். "உசுரோட இருந்துனு பேசல. எனக்கு அது போதும்."

அம்மணி நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று கஸ்தூரி சொல்லவில்லை.

"அப்போ அவனுக்கு இன்னாதான் ஒடம்பு?"

"கேக்கக் கூடாது."

"நான் கேக்கறேன்."

"அதுக்கு முந்தின வாரம் ரெண்டு தபா மயக்கம் போட்டு வுழுந்தான். சோறு தின்னாம கள்ளக் குடிச்சுனு திரிஞ்சான். ஊருக்குத் தெரியாது. நானும் சொல்லல. குடிகாரன்னு பேசுனாங்க, பொஞ்சாதிக்காரி அடங்காப்பிடாரின்னு பேசுனாங்க. நீ கெணத்தாண்ட பேசுன." கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தாள். "உன் ஆளுக்கு இன்னா?"

"இருட்டுனா தெரியல."

கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். "மீன வுட்டு எத்தினி நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்."

"மீன் புடிக்கிற ஜாதியில பொறந்து மீன வுட்டான், கண்ணு போச்சு. வேற இன்னாத்துக்குப் போவும்?" ஒரு கிண்ணத்தில் உருக்காத ஈரலை அள்ளி வாழையிலையால் மூடினாள். "வறுத்துக் குடு. தினம் குடு. ஆனா இன்னிக்குத் தின்னா இன்னிக்குத் தெரியாது. பத்து நாளாவது ஆவும்."

"மகம் இன்னிக்கு."

"அது எனக்கும் தெரியும்," என்றாள் கஸ்தூரி.

அம்மணி கிண்ணத்தை முந்தானையில் மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தெருவோடு நடந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் சாமான் போடுகிற உள்ளறையின் படலைச் சாத்தினாள். கீற்றுச் சந்தில் சாக்கைத் திணித்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே விளக்கு வைக்கிற நேரம்.

"உள்ள வா," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "எங்கிட்ட இருக்கறத எடு."

"இன்னா வெளையாட்டு இது?"

"வா."

அவன் வந்தான். படலை மூடினாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நான்கு அடி. அவளுக்கு அவன் தோள் தெரிந்தது, மீசை தெரிந்தது, கை எங்கே போவது என்று தெரியாமல் தொங்குவது தெரிந்தது. அவள் கையில் வெள்ளைச் சங்கு ஒன்று இருந்தது. அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா வச்சினு இருக்கேன்?"

அவன் கை காற்றைத் துழாவியது.

"எத்தினி நாளா?"

"தீபாவளிக்கு அப்புறம்," என்றான். பிறகு குரலை உயர்த்தினான். "அதுக்கு இன்னா? முகத்துவாரம் எனக்குக் கண்ண மூடினாலும் தெரியும். எந்த அல எங்க ஒடையும்னு காலுக்குத் தெரியும்."

"போன வருஷத்து முகத்துவாரம் தெரியும். கார்த்திகை வெள்ளத்துல திட்டு நகந்துபோச்சு. தெக்கால இருந்த வாய்க்கா தூந்துபோச்சு. நீ பாத்தியா? கிட்டங்கி ஜன்னல்ல இருந்து தெரியுமா?"

"எவன் சொன்னான்?"

"தெனம் கடலுக்குப் போறவன் சொன்னான். தருமன் சொன்னான். உன் படகுல மொதல் ஆளா உக்காரப் போறவன்."

அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அறைக்குள் நாலடி நடந்ததற்கே கொஞ்சம் வாங்கியது.

"இத பாரு அம்மணி," என்றான். "வருஷம் முந்நூத்தி அறுவது நாளு மூட்டைக்கு நடுவுல குந்தினு இருக்கேன். ஒருத்தனும் மூஞ்சிய நிமுந்து பாக்க மாட்டான். இந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான் நான் ஆளு. இதையும் புடுங்கிடாத. நீ எடுத்துனு வர்ற. அவ்ளோதான்."

படலைத் தள்ளினான். வெயில் உள்ளே வந்தது. அவன் தலைநிமிர்ந்து நேராக நடந்து போனான்.

அம்மணிக்கு அவன்மேல் கோபம் வந்தது. கூடவே, அந்த நடை பிடித்தும் இருந்தது. அந்த நடையைப் பார்த்துத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். இருட்டில் தட்டுத்தடுமாறுகிறவன் பத்துப் பேர் உயிரைப் பின்னால் நின்று பிடிக்கக் கூடாது. அதுவும் அதே நடைக்காகத்தான். பத்துப் பேரில் ஒருவன் செத்தால் அப்புறம் அவன் எப்படி அப்படி நடப்பான்?

பரணைப் பார்த்தாள். துடுப்பு இருந்தது. எண்ணெய் போட்டு, மஞ்சள் தடவி, அவளே நேற்று பகலில் தயார் செய்து வைத்தது.

பொழுது சாய்ந்தது. கரையில் குப்பமே கூடியிருந்தது. கயிற்றால் தைத்த பெரிய படகைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பத்துப் பேரும் தயாராக நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, குடைக்குக் கீழே, துபாஷி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் வேடிக்கை பார்க்க வருவார். அவருடைய கங்காணிதான் தண்டல் என்பதில் அவருக்கும் பெருமை.

கரகம் படகேறியது. குப்பத்துத் தலைவர் நாட்டார் சுப்பராயலு கிழக்கே பார்த்து நின்று குரல் கொடுத்தார்.

"தண்டல் வூட்டுக் கை வரட்டும்."

துளசிங்கம் படகின் பின்பக்கம் நின்றான். கச்சைக்கு மேல் இன்னொரு துணியைச் சுற்றி முடிச்சைச் சமாளித்திருந்தான்.

அம்மணி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

முதலில் ஜனம் வழிவிட்டது. பிறகு கையைப் பார்த்தது. இரண்டு கையும் காலி. துடுப்பு கொண்டுவராத பெண்டாட்டி வீட்டுக்குள் கிடப்பாள். முகத்தைக் காட்ட மாட்டாள். வெறுங்கையோடு கரைக்கு நடந்து வந்தவளை மேட்டுக்குப்பம் பார்த்ததில்லை. அம்மணி வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. புருஷன் பக்கத்தில் போய் நின்றாள்.

"துடுப்பு எங்க?" என்றான் அவன், உதடு அசையாமல்.

"பரண்ல."

"அப்புறம் எதுக்கு வந்த? வூட்ல கெட."

"நான் வூட்ல கெடந்தா குடிச்சுட்டுக் கெடக்கறான்னு உன்னச் சொல்லுவாங்க. உனக்கு அந்தப் பேரு வேணாம்," என்றாள். "பக்கத்துல நிக்க வந்தேன்."

நாட்டார் வழக்கப்படி எதுவும் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜனத்தைப் பார்த்தார். "வேற வூட்டுக் கை..."

"நாட்டாரே," என்றான் துளசிங்கம்.

அவர் நிறுத்தினார்.

"நீங்க கேக்கக் கூடாது. நான் சொல்லக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே?"

நாட்டார் யோசித்தார். "இல்ல," என்றார். "இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல."

துளசிங்கம் ஜனத்தின் பக்கம் திரும்பினான். அவனுக்குப் பின்னால் சூரியன் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த முகங்களெல்லாம் அவனுக்கு ஒரே கறுப்பாகிவிடும்.

"எனக்குச் சாயங்காலம் ஆனா கண்ணு தெரியல," என்றான். படகுக்குக் குரல் கொடுக்கிற அதே குரல். கோடிவரை கேட்டது. "குடியால இல்ல. குடிக்கிறதும் உண்டு, அத ஒளிக்கல. மீன வுட்டதால. கிட்டங்கியில பக்கத்துல உக்காந்தவனுங்க மூக்கச் சுளிச்சானுங்க, வுட்டேன். எவனோ மூக்கச் சுளிச்சதுக்கு என் கண்ணக் குடுத்தேன். இன்னிக்கு நான் நின்னா பத்துப் பேர முழுவடிப்பேன். என் வூட்டுக்காரி செஞ்சது சரி."

குடைக்குக் கீழே துபாஷி நாற்காலியில் அசைந்தார். படகில் தருமன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

"வேற யாரு?" என்றார் நாட்டார்.

"என் தம்பி இருக்கான். திட்டு எங்க நகந்துதுன்னு அவனுக்குத் தெரியும். தெனம் போறான்."

மாசிலாமணி கூட்டத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து 'தம்பி' வந்தது அவன் முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. கட்டிய கை மட்டும் இறங்கியது.

"என்னக் கேட்டு இன்னா புண்ணியம்ணா?" என்றான். "கேக்க வேண்டியது அவள."

எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். கஸ்தூரி புருஷன் முன்னால் போய் நின்றாள். முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணைப் பார்த்தாள். வாயை மோந்து பார்த்தாள்.

"நேத்து சாமக்கோழி வரிக்கும் கொறட்ட," என்றாள் நாட்டாரிடம். "காலையில நண்டு, மத்தியானம் சுறாப்புட்டு. கள்ளத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. வாய்தான் நாறுது. அதுக்குப் படகு முழுவாது."

கரை முழுக்கச் சிரித்தது. தண்டு வலிக்கிறவர்களும் சிரித்தார்கள்.

"துடுப்ப எடுத்துனு வா," என்றார் நாட்டார்.

துடுப்பு அம்மணி வீட்டுப் பரணில். இரண்டு பெண்களும் மேடேறி நடந்தார்கள். கஸ்தூரி அந்த வாசலை மிதித்து மூன்று வருஷம். உள்ளே போய்ப் பரணைப் பார்த்து, கால்மணையை இழுத்துப் போட்டாள்.

"அன்னிக்குக் கெணத்தாண்ட நான் சொன்னது..." என்று அம்மணி ஆரம்பித்தாள்.

"அந்த மொனையத் தூக்கு மொதல்ல. பொழுது போவுது."

அம்மணி தூக்கினாள். ஆளுக்கு ஒரு முனையாகச் சுமந்துகொண்டு கரைக்கு ஓடினார்கள். கடைசிப் பத்தடியில் அம்மணி விட்டுவிட்டாள். கஸ்தூரி தனியாகத் தூக்கிப் போய் மாசிலாமணியின் கையில் கொடுத்தாள்.

படகைத் தள்ளினார்கள். துளசிங்கமும் தோள் கொடுத்துத் தள்ளினான். இடுப்பளவு தண்ணீர்வரை போய், மூச்சு வாங்கி, நின்றுகொண்டான். அம்மணி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். எல்லோரும் பார்க்கத்தான் கூட்டி வந்தாள்.

சூரியன் போய்விட்டது. நிலா இன்னும் கடல் விளிம்பில் சிவந்துகொண்டிருந்தது.

"எங்க இருக்குது?" என்றான் துளசிங்கம்.

"திட்டுக்கு இந்தாண்ட. நிறுத்தி வச்சினு இருக்கான்."

"அலைய எண்றான். மூணு பெருசு போவட்டும்னு பாக்கறான்." காதை அந்தப் பக்கம் திருப்பினான். "தெக்காலயா, வடக்காலயா?"

"வடக்கால திருப்பறான்."

"வடக்கால ஒருத்தனும் போனதில்ல." கொஞ்ச நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டான். "சரிதான். வடக்கால சத்தம் கம்மியா இருக்குது. நான் தெக்க போயிருப்பேன்."

படகின் மூக்கு ஏறியது. நின்றது. இறங்கியது. அம்மணி மூச்சு விட்டாள்.

"தாண்டிட்டான்," என்றாள்.

துளசிங்கம் தலையசைத்தான். கடலைப் பார்த்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கச்சை முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

மணலில் செருப்புச் சத்தம். துபாஷியின் ஆள்.

"கங்காணி, ஐயா கூப்பிடறாரு. இப்பவே."

துளசிங்கம் திரும்பவில்லை. "கரகம் இன்னும் கரைக்கு வரல. வந்தப்புறம் வரேன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா நாளைக்குக் கிட்டங்கிப் பக்கம் வர வேண்டியிருக்காது. நீ பேசுனது அத்தனையும் அவர் காதுல வுழுந்துச்சு."

"வுழட்டும்னுதான் அவ்ளோ சத்தமாப் பேசினேன்," என்றான் துளசிங்கம். அம்மணியின் பக்கம் தலையைச் சாய்த்தான். "எங்க இருக்குது இப்போ?"

வந்தவன் அங்கேயே நின்றான். அம்மணி அவனைப் பார்க்கவில்லை. நிலா வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு படகு, அதன் பின்னால் நிமிர்ந்து நிற்கிற ஓர் ஆள்.

"நீராட்டிட்டாங்க," என்றாள். "திரும்பறான்."